கொட்டகையில் ஒரு சர்வர்

ஹோஸ்டிங் நிறுவனம் கட்டணத்தை ஏற்றியது
பிப்ரவரியில்.
கடிதத்தில் வருத்தம் இருந்தது,
எல்லோருக்கும் ஒன்றாய் அனுப்பிய வருத்தம்.

நாங்கள் மூவர்.
நான் எழுத்தைத் திருத்துவேன்.
மார்யுன் கணக்கைத் திருத்துவாள்.
பெய்னிர் எதையாவது பிரித்துப் போட்டு
மறுபடி பூட்டுவான்; ஒரு திருகாணி மிஞ்சும்.

எங்கள் தளத்தில் வருபவை:
படகு நேரம், ஆடுகளை மடக்கும் நாள்,
மாதம் ஒரு கதை, எப்போதாவது நல்ல கதை,
யார் இறந்தார், எந்தத் தேவாலயம், எத்தனை மணி.
அறுநூற்றுப் பதினோரு வாசகர்.
சூரோய்த் தீவில் அது பெருங்கூட்டம்.

"வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும்
கேட்டுத்தான் அடிக்கணும்" என்றான் பெய்னிர்.
உண்மை.
எங்கள் மொழியின் ஒற்றை எழுத்து
கட்டமாகத் தெரிகிறதென்று ஐந்து கடிதம் போட்டேன்.
ஒவ்வொரு பதிலிலும் வேறு பெயர்,
ஒவ்வொரு பெயரும்
முதலிலிருந்து சொல்லச் சொன்னது.

ஆட்டிறைச்சி காய வைக்கும் கொட்டகை அவனுடையது.
பலகை இடுக்கில் கடற்காற்று தானே நுழையும்,
குளிரூட்டி வேண்டாம்.
பள்ளிக்கூடம் கழித்த கணினி ஒன்றை
தொங்கும் கால்களுக்கு நடுவே வைத்தான்.
மார்ச்சில் ஓடியது. ஏப்ரலில் ஓடியது.
அந்த எழுத்து முதல் நாளே சரியானது.
நான் மூன்று முறை பக்கத்தைத் திறந்து
அதை மட்டும் பார்த்தேன்.

மே, ஜூன், ஜூலை.
ஒரு தரம் எலி. ஒரு தரம் மின்வெட்டு.
ஒரு தரம் நள்ளிரவில் ஏதோ புதுப்பிப்பு,
கதைகள் எல்லாம் தேதியில்லாமல் எழுந்தன.
எல்லாத் தரமும் பெய்னிர்
செருப்போடு பனிமூட்டத்தில் இறங்கி ஓடினான்.
தன் கையே தனக்குதவி.
அந்தக் கை எப்போது தூங்கும் என்று
பழமொழியில் இல்லை.

அக்டோபர் ஞாயிறு. பெய்னிர் கடலில்,
ஐஸ்லாந்துக்குக் கிழக்கே எங்கோ வலை இழுக்கிறான்.
பாஸ்வேர்டும் அவனோடு மீன் பிடிக்கப் போயிருக்கிறது.
தொலைபேசியில் சுன்வா:
"என் கணவரின் அறிவிப்பைத் திறந்தால்
'ஆபத்து, திரும்பிப் போ' என்கிறது.
ஒலவுர் அப்படி என்ன செய்துவிட்டார்?"

சான்றிதழ் காலாவதி, அவ்வளவுதான்.
அதை எப்படிச் சொல்வது அவளிடம்?
அறிவிப்பை வாய்விட்டுப் படித்தேன்.
அடுத்து அழைத்தவருக்கும் படித்தேன்.
மாலைக்குள் முப்பத்தேழு முறை
ஒலவுர் இறந்தார் என் குரலில்.

மார்யுன் பழைய ரசீதின் முதுகில் கணக்குப் போட்டாள்.
கணினி: பூஜ்யம். மின்சாரம்: கொஞ்சம்.
பெய்னிரின் தூக்கம் என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதவில்லை.
அவன் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்:
"அந்த நிறுவனத்தை நாளைக்கு யாரோ வாங்கிவிட்டால்
நம் கதைகள் யார் கதவைத் தட்டும்?"
பதில் எங்களிடம் இல்லை.
இப்போதும் இல்லை.

வேறொரு நிறுவனத்துக்கு
நான் ஒரே கேள்வி எழுதினேன்:
போகும்போது எல்லாவற்றையும் எடுத்துப் போகலாமா?
இவ்கா என்ற பெண் அன்றே எழுதினாள்:
"தாராளமாக. எப்படியென்று இதோ."
சேரும் முன்பே வெளியேறும் வழி சொன்னவளிடம்
சேர்ந்தோம்.

ஒரு முழுச் சனிக்கிழமை, பெய்னிர்
ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் மாற்றிக் கொடுத்தான்.
கணினியை மட்டும் அணைக்கவில்லை.
வெள்ளிதோறும் இரவு பதினொன்றுக்கு
முழுத் தளத்தின் நகல் ஒன்று கொட்டகைக்கு இறங்குகிறது.

கிறிஸ்துமஸுக்கு இறைச்சி வாங்கப் போனேன்.
இருட்டில் பச்சை விளக்கு இமைத்தது.
விசைப்பலகையில் உப்பு படிந்திருந்தது,
ஊதினேன்.
ஒலவுர் இப்போது ஹெல்சிங்கி பக்கம் எங்கோ
பூட்டுச் சின்னத்தோடு பத்திரமாய் இருக்கிறார்.
வெள்ளி இரவுகளில் மட்டும்
ஊருக்கு வந்து போகிறார்,
ஆட்டுக்கால்களுக்கு நடுவே.